டாக்சி வாங்கி வாடகைக்கு விடுமுன் கணக்கை முழுதாகப் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘கார் உங்களுடையது, ஓட்டுவது எங்கள் பொறுப்பு, மாதம் பிறந்தால் வாடகை கணக்கில் ஏறிவிடும்’ என்ற விளம்பரங்கள் சென்னையில் அடிக்கடி கண்ணில் படுகின்றன. பணி ஓய்வில் வந்த பி.எஃப். பணம், விருப்ப ஓய்வுத் தொகை, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பிய சேமிப்பு என்று எதையாவது கையில் வைத்துக்கொண்டு, ‘இந்த விலைக்கு வீடு வாங்கி வாடகைக்கு விட முடியாது, இரண்டு டாக்சி வாங்கிப் போட்டால் வயதான காலத்துக்கு ஆகும்’ என்று பலரும் யோசிக்கிறார்கள். வாடகை வண்டித் தொழிலில் இருப்பவர்கள் என்ற முறையில் இதுபற்றிச் சில விவரங்களை எழுதுகிறோம். டாக்சி வாங்கவே கூடாது என்பது எங்கள் கருத்தல்ல. ஆனால் வீட்டு வாடகையைப் போல இதை நினைத்துப் பணத்தைப் போடுவது ஆபத்து. வீடு பழசானாலும் மனைக்கு விலை ஏறும். டாக்சி ஓட ஓடத் தேயும். அந்தத் தேய்மானத்தைக் கழிக்காமல் வருகிற வாடகையெல்லாம் வருமானம் என்று செலவழிப்பவருக்கு, ஐந்து வருடம் கழித்து அடுத்த வண்டி வாங்கக் கையில் காசு இருக்காது.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். இதில் உள்ள தொகைகள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. வாங்குகிறவர் தனக்குக் கிடைக்கும் விலையையும் வட்டியையும் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிஎன்ஜி (அழுத்திய இயற்கை எரிவாயு) செடான் ஒன்று, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ரோட்டுக்கு வர 8,40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 1,40,000, கடன் 7,00,000, வட்டி 10.5 சதவீதம், 60 மாதம் என்றால் மாத டியூ 15,046 ரூபாய். வண்டியை எடுத்து ஓட்டும் டிரைவர் ஓனருக்குத் தரும் நாள் வாடகை 1,000. மாதத்தில் 25 நாள்தான் வாடகை வரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். டிரைவர் ஊருக்குப் போவார், அவருக்கு உடம்புக்கு முடியாமல் போகும், வண்டி சர்வீஸில் நிற்கும். 30 நாள் வாடகை என்று எழுதித் தருகிற எந்தக் கணக்கையும் நம்ப வேண்டாம்.

ஆக வரவு 25,000. செலவில் முதலில் இன்சூரன்ஸ்: வருடம் 42,000 என்றால் மாதத்துக்கு 3,500. பராமரிப்புக்கு கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் ஒதுக்க வேண்டும். நாளைக்கு 180 கிலோமீட்டர் வீதம் 25 நாளுக்கு 4,500 கிலோமீட்டர், ஒதுக்கீடு 6,750. எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), பர்மிட், ஜிபிஎஸ் புதுப்பிப்பு போன்றவற்றுக்கு மாதம் 500. இவை மூன்றும் சேர்ந்து 10,750. மிச்சம் 14,250. அதில் 15,046 டியூ கட்டினால் மாதாமாதம் 796 ரூபாய் கையைக் கடிக்கிறது.

‘கடன் முடிந்ததும் வண்டி நமக்குத்தானே’ என்பார்கள். அதையும் பார்த்துவிடுவோம். ஐந்து வருடத்தில் கையிலிருந்து போட்டது 47,760, முன்பணம் 1,40,000, ஆக 1,87,760. அந்த நேரத்தில் வண்டியின் மீட்டர் 2,70,000 கிலோமீட்டரைக் காட்டும். அந்த ஓட்டமுள்ள மஞ்சள் போர்டு (வாடகை ஓட்டத்துக்குப் பதிவான) வண்டி 2,50,000 ரூபாய்க்குப் போனால் நல்ல விலை. மிச்சம் 62,240. அதே 1,40,000 ரூபாயை 7 சதவீத வட்டியில் வங்கியில் போட்டிருந்தால், ஐந்து வருடத்தில் சுமார் 56,000 வட்டி வந்திருக்கும். ஐந்து வருடம் போன் அழைப்பும் அபராதமும் விபத்து பயமும் தாங்கியதற்குக் கிடைத்த கூலி ஆறாயிரத்துச் சொச்சம். ஒரே ஒரு விபத்தில் வண்டி 20 நாள் நின்றுவிட்டால் அதுவும் போச்சு.

கடன் இல்லாமல் முழுப் பணமும் போட்டு வாங்கினால் நிலைமை மாறுகிறது. மாதம் 14,250 கையில் நிற்கும். 8,40,000 முதலுக்கு இது வருடம் 20 சதவீதம் என்று விற்பனையாளர் கணக்குக் காட்டுவார். அந்தக் கணக்கில் ஓட்டை இருக்கிறது. 8,40,000 ரூபாய் வண்டி 60 மாதத்தில் 2,50,000 ஆகிறது என்றால், மாதம் 9,833 ரூபாய் உங்கள் முதலே கரைந்து திரும்பி வருகிறது. அதைத் தனிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். அதைக் கழித்தால் உண்மையான வருமானம் மாதம் 4,417. ஒதுக்கி வைக்கும் பணத்துக்கு வருகிற வட்டியையும் சேர்த்தால் வங்கி வட்டியைவிட ஓரளவு மேலே நிற்கும், அவ்வளவே. நாங்கள் பார்த்தவரை இந்தத் தொழிலில் தாக்குப்பிடிப்பவர்கள், கடன் குறைவாக வைத்துக்கொண்டு தேய்மானப் பணத்தைத் தொடாமல் இருப்பவர்கள்தான்.

கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய் பராமரிப்பா என்று புதிதாக வருபவர்கள் வாயைப் பிளப்பார்கள். சொந்தக் காரை வாரம் ஒருமுறை மாமல்லபுரத்துக்கு எடுத்துப் போகிறவருக்கு அது அதிகம்தான். டாக்சியின் கதை வேறு. மாதம் 4,500 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆயில் சர்வீஸ் வந்துவிடும். மீட்டரில் ஏறாத ஓட்டமும் உண்டு. வெயிலில் சவாரிக்காகக் காத்திருக்கும்போது ஏசி போட்டு எஞ்சினை ஓடவிட்டபடி டிரைவர் உட்கார்ந்திருப்பார், சென்னை மே மாதத்தில் அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்த நேரமெல்லாம் ஆயில் வேகிறது, மீட்டர் அசைவதில்லை. அதனால் கம்பெனி சொன்ன கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பே ஆயில் மாற்றுவது நல்லது. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளால் குறுகிக் கிடக்கிற சாலைகளில் முதல், இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து, பாதி கிளட்சிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்துவதால் கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேய்கிறது. தோண்டி மூடிய பள்ளங்களில் இறங்கி ஏறி முன் சக்கரங்களைத் தாங்கும் பாகங்களான லோயர் ஆர்ம் புஷ்ஷும் லிங்க் ராடும் தளர்கின்றன. புஷ் தளர்ந்தால் சக்கரங்களின் நேர்நிலை, அதாவது அலைன்மென்ட் கெடும், அலைன்மென்ட் கெட்டால் முன் டயரின் உள்பக்க விளிம்பு மட்டும் வழுக்கையாகும். வெளியிலிருந்து பார்த்தால் டயர் நன்றாகத்தான் தெரியும். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி வைத்து, உள்விளிம்பைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இதைப் பார்த்து டயரை இடம் மாற்றிப் போட்டால், ஒரு செட் டயரில் 40,000 முதல் 50,000 கிலோமீட்டர் எடுக்கலாம். பார்க்காமல் விட்டால் பாதியிலேயே நான்கு டயருக்கும் செலவு வரும்.

அடுத்தது டிரைவரின் கணக்கு. முதல் போடுகிறவர்களில் பெரும்பாலோர் இதைப் போட்டுப் பார்ப்பதே இல்லை. சவாரி பிடித்துத் தரும் செயலியின் பங்கு போக நாள் வசூல் 2,800 என்று வையுங்கள். கிலோவுக்கு 24 கிலோமீட்டர் கொடுத்தால் 180 கிலோமீட்டருக்கு ஏழரை கிலோ சிஎன்ஜி, கிலோ 90 ரூபாய் என்றால் 675. வாடகை 1,000. சாப்பாடு, டீ, பார்க்கிங், போன் எல்லாம் 250. பன்னிரண்டு மணி நேரம் ஸ்டீயரிங் பிடித்தவர் வீட்டுக்குக் கொண்டுபோவது 875 ரூபாய். இதில் ஓனர் வாடகையை 1,200 ஆக்கினால் அவருக்கு 675தான் மிஞ்சும். அவர் என்ன செய்வார்? பதினாறு மணி நேரம் ஓட்டுவார். ஆயில் விளக்கு எரிந்தாலும் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று ஓட்டுவார். செயலியை அணைத்துவிட்டு வெளிச் சவாரி எடுப்பார். கடைசியில் ஒருநாள் சாவியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போவார். புது டிரைவர் கிடைக்கும்வரை வண்டி சும்மா நிற்கும், டியூ மட்டும் நிற்காது. கூடுதல் 200 ரூபாய் வாடகையால் மாதம் 5,000 வரும் என்று நினைத்தவர், வருடத்தில் இரண்டு முறை டிரைவரை இழந்து அதைவிட அதிகமாக விடுகிறார். வாரம் ஒருநாள் வாடகை இல்லை என்று சொல்லிப் பாருங்கள், நல்ல டிரைவர் வருடக்கணக்கில் நிற்பார். இதை நாங்கள் தர்மமாக மட்டும் சொல்லவில்லை, கணக்காகவும் அதுதான் சரி.

நாள் வாடகையைத் தவிர வேறு ஏற்பாடுகளும் உண்டு. வசூலில் பங்கு என்றால் செயலிக் கணக்கை ஓனர் தினமும் பார்க்க வேண்டும், பணமாக வரும் சவாரிகளில் மனஸ்தாபம் வரும். ஓஎம்ஆர் (பழைய மாமல்லபுரம் சாலை) நிறுவனங்களின் ஊழியர் போக்குவரத்தில் இணைத்தால் ஓட்டம் நிலையானது. ஆனால் பில் பணம் 45, 60 நாள் கழித்துத்தான் வரும், அதுவரை டிரைவர் சம்பளம், கேஸ், டியூ எல்லாம் உங்கள் கையிலிருந்து. குறைந்தது இரண்டு மாதச் செலவைக் கையிருப்பாக வைத்திருக்காதவர்கள் அந்தப் பக்கம் போகக்கூடாது.

டிரைவரே டியூ கட்டி, முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொள்ளும் முறை பலருக்கும் பிடிக்கும். வண்டியை அவர் தன்னுடையதாகப் பார்த்துக்கொள்வார் என்பது உண்மை. ஆனால் ஆர்.சி. (பதிவுச் சான்று) உங்கள் பெயரில் இருக்கும்வரை சட்டத்தின் கண்ணில் ஓனர் நீங்கள்தான். விற்றுவிட்டோம், பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டோம் என்று சொன்னாலும், பதிவேட்டில் பெயர் யாருடையதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. கடைசி டியூ கட்டிய அன்றே வங்கியிடம் தடையின்மைச் சான்று வாங்கி, படிவம் 35 கொடுத்துக் கடன் பதிவை நீக்கி, படிவம் 29, 30 மூலம் பெயரை மாற்றிவிட வேண்டும்.

காகித வேலைகளில் பெரிய தவறு, சொந்த உபயோகத்துக்குப் பதிவான ஒயிட் போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டுவது. பர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓடும் வண்டிக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 192-ஏ பிரிவில் முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. அதைவிடப் பெரிய அடி இன்சூரன்ஸில் விழும். சொந்த உபயோகத்துக்கு எடுத்த பாலிசியில் வாடகை ஓட்டம் வராது. விபத்தில் அடிபட்டவருக்கு நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொன்னால், கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு ஓனரிடம் வசூலிக்க உத்தரவு வாங்கலாம். அது லட்சங்களில் வரும், வீடு வரைக்கும் வரும். 2022-இல் வந்த கட்டணப்படி, 1000 முதல் 1500 சிசி வரையிலான சொந்தக் காருக்கு மூன்றாம் நபர் (விபத்தில் அடிபடும் பிறருக்கான) பிரிமியம் 3,416 ரூபாய். அதே எஞ்சினுள்ள டாக்சிக்கு 7,940 ரூபாயும், பயணி ஒருவருக்கு 978 ரூபாயும். நான்கு பயணிக்கு 11,852, ஜிஎஸ்டி தனி. இந்த வித்தியாசத்தை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் குடும்பங்கள் சிக்கிக்கொள்கின்றன. பாலிசியில் டிரைவருக்கான சட்டப் பொறுப்புப் பிரிவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும், அதற்கான பிரிமியம் மிகச் சொற்பம். சம்பள டிரைவரா, வாடகைக்கு எடுத்து ஓட்டுபவரா என்பதையும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுவது நல்லது. கதவில் சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போட வேண்டாம், கிளெய்ம் போடாதவருக்கு அடுத்த வருடப் பிரிமியத்தில் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும்.

டிரைவர் இல்லாமல் காரை மட்டும் வாடகைக்குக் கொடுப்பது இன்னும் சிக்கலானது. 1989-ஆம் ஆண்டின் ரென்ட்-எ-கேப் திட்டப்படி உரிமம் பெற, ஒருவரிடம் குறைந்தது 50 வண்டி இருக்க வேண்டும். அந்த வண்டிகளுக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. வீட்டில் நிற்கும் ஒற்றை ஒயிட் போர்டு காரை ‘செல்ஃப் டிரைவ்’ என்று கொடுப்பவருக்கு அந்த உரிமத்தின் பாதுகாப்பு எதுவும் கிடையாது. வாடகைக்கு எடுத்த காரைக் கொண்டுபோய் அடமானம் வைத்துவிட்டுத் தலைமறைவாகிற மோசடி தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களுக்குப் புதிதல்ல.

மஞ்சள் போர்டு வண்டிக்குத் தேதிகளை நினைவில் வைக்க வேண்டும். புது வண்டிக்கு எஃப்.சி. இரண்டு வருடம், பிறகு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருடாவருடம். 2019 ஜனவரி 1 முதல் பதிவான வண்டிகளில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் கட்டாயம். எஃப்.சி.க்குக் கொண்டுபோகும் அன்றுதான் அந்தக் கருவியின் சிம் சந்தா முடிந்துபோனது பலருக்கும் தெரியவரும், இரண்டு நாள் வீணாகும். ஒரு மாதம் முன்பே அந்தக் கருவியையும் வேகக் கட்டுப்பாட்டையும் பார்த்துவிடுங்கள். சிஎன்ஜி வண்டியென்றால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டருக்கு அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். அந்தத் தேதி தாண்டினால் பங்கில் கேஸ் நிரப்ப மறுக்கலாம்.

டிரைவரிடம் சாவியைக் கொடுக்கும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பின்னால் பல சண்டைகள் மிச்சமாகும். லைசென்ஸை நகல் வாங்கினால் மட்டும் போதாது, மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் பரிவாகன் தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகை வண்டியை ஓட்ட இலகுரக வாகன லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்துவிட்டது. ஆனால் லைசென்ஸ் உயிரோடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. காவல்துறையின் இணையவழிச் சரிபார்ப்பையும் செய்யச் சொல்லுங்கள். வண்டியைச் சுற்றி நான்கு பக்கமும், மீட்டரும், டிக்கியும் தெரியப் படம் எடுங்கள். ஐந்து டயரின் பக்கவாட்டிலும் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025-ஆம் வருடம் 23-ஆவது வாரத்தில் செய்தது. அதையும் பேட்டரியின் வரிசை எண்ணையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். புது ஸ்டெப்னி போய்ப் பழையது வந்து உட்காருவதும், பேட்டரி மாறுவதும் இந்தக் குறிப்பு இல்லாத இடங்களில்தான் நடக்கின்றன. வண்டி திரும்பி வரும்போது ரேடியேட்டர் மூடியையும் ஆயில் மூடியையும் எஞ்சின் ஆறியபின் திறந்து பாருங்கள். ஆயில் மூடியின் அடியில் பால்காப்பி நிறத்தில் பசை படிந்திருந்தால் கூலன்ட் ஆயிலில் கலக்கிறதா என்று உடனே மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். எஞ்சின் சூடேறியும் நிறுத்தாமல் ஓட்டிய வண்டியில் ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு உண்டு.

எந்தத் தேதியில், எந்த நேரத்திலிருந்து யார் ஓட்டினார் என்ற நோட்டு அவசியம். காவல்துறை கேட்டால் ஓட்டியவர் விவரத்தைச் சொல்ல வேண்டியது மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-ஆம் பிரிவின்படி ஓனரின் கடமை. கேமரா அபராதம் ஓனரின் போனுக்குத்தான் வருகிறது. சவாரி முடிந்து இரண்டு மாதம் கழித்து வரும் அபராதத்தை அதற்குள் வேலையை விட்டுப்போன டிரைவரிடம் எப்படி வாங்குவது? ஆகவே டிரைவரிடம் வாங்கிய முன்தொகையைக் கடைசி நாளில் முழுதாகத் திருப்பிக் கொடுக்காமல், ஒரு பகுதியை 60 நாள் நிறுத்தி வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். கஞ்சா போன்ற போதைப்பொருள் வண்டியில் பிடிபட்டால் வண்டி வழக்குப் பொருளாகிவிடும். தனக்குத் தெரியாமல் நடந்தது, தான் வேண்டிய எச்சரிக்கை எல்லாம் எடுத்திருந்தேன் என்பதை ஓனர் நிரூபிக்க வேண்டும் என்கிறது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு. எழுத்து ஒப்பந்தமும், சரிபார்ப்புச் சான்றும், நோட்டும், ஜிபிஎஸ் பதிவும் இருந்தால்தான் அதை நிரூபிக்க முடியும்.

பெரிய கம்பெனியிடம் கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே என்று கேட்கலாம். கம்பெனி விழுந்தால் வாடகையும் சேர்ந்து விழும். ஜென்சால் இன்ஜினியரிங் நிறுவனம் 6,400 மின்சாரக் கார் வாங்கக் கடன் பெற்றுவிட்டு 4,704 கார்தான் வாங்கியது என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2025 ஏப்ரல் 15 அன்று வெளியிட்ட இடைக்கால உத்தரவில் சொன்னது. அந்தக் கார்களைக் குத்தகைக்கு எடுத்து ஓட்டிவந்த புளூஸ்மார்ட், உடனேயே டெல்லியிலும் பெங்களூரிலும் சவாரியை நிறுத்தியது. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட, தணிக்கைக்கு உட்பட்ட நிறுவனத்திலேயே இந்த நிலை. தெருமுனை அலுவலகம் ஒன்று மாதம் 30,000 உறுதி என்றால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். மேலே போட்ட கணக்கின்படி ஒரு செடானுக்கு அவ்வளவு வாடகை நிற்காது. பின்னால் வருபவரின் பணத்தை முன்னால் வந்தவருக்குக் கொடுத்தால்தான் அப்படிக் கொடுக்க முடியும். கார் உங்கள் பெயரில் பதிவாகிறதா, அதன் அசல் ஆர்.சி. யார் கையில் இருக்கிறது, இப்போது கார் எங்கே நிற்கிறது என்பதை நேரில் பார்க்க முடியுமா என்ற மூன்று கேள்விக்கும் தெளிவான பதில் வராவிட்டால் விலகிவிடுங்கள். ‘காரில் ஒரு பங்கு’ என்று பணம் வாங்கினால் அது வைப்புத்தொகையாகவே கருதப்படலாம். ஏமாந்தவர்கள் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்க, தமிழ்நாட்டில் 1997 முதல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.

எந்த வண்டி வாங்கலாம் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. சிஎன்ஜியில் எரிபொருள் செலவு குறைவதால் டிரைவர் கேட்டு வந்து எடுப்பார், ஆனால் டிக்கியைச் சிலிண்டர் அடைத்துக்கொள்ளும், மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு நான்கு பெட்டியோடு போகும் குடும்பத்தை ஏற்ற முடியாது. கம்பெனியில் பொருத்தி வந்த சிஎன்ஜியே நல்லது, வெளியில் பொருத்தினால் ஆர்.சி.யிலும் பாலிசியிலும் ஏற்ற வேண்டும், வாரன்டியும் போகலாம். மின்சாரக் காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், பர்மிட் தேவையில்லை, ஓடும் செலவும் குறைவு. ஆனால் டிரைவர் வீட்டில் சார்ஜ் போட இடம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பத்துக்குப் பத்து அறையில், தெருவில் வண்டியை நிறுத்தும் வீட்டில் அது நடக்காது. வாடகை ஓட்டத்துக்கு பேட்டரி வாரன்டி எத்தனை கிலோமீட்டர் என்பதை வாய்மொழியாகக் கேட்காமல் எழுத்தில் வாங்குங்கள். சொந்த உபயோகத்துக்கான வாரன்டியும் டாக்சிக்கான வாரன்டியும் பல மாடல்களில் வேறு வேறு.

சென்னையில் வண்டி வைத்திருப்பவர் மழையைத் திட்டத்தில் சேர்க்காமல் இருக்க முடியாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பகுதிகளில் எத்தனை வண்டிகள் மூழ்கின என்பதை எல்லோரும் பார்த்தோம். எச்சரிக்கை வந்ததும் வண்டியை எங்கே ஏற்றி நிறுத்துவது என்பதை டிரைவரிடம் அக்டோபரிலேயே சொல்லி வைக்க வேண்டும். மூழ்கிய வண்டியில் சாவியைப் போடவே கூடாது. எஞ்சினுக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் தண்ணீரை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராட் வளையும், அந்தச் சேதத்தை ‘ஓட்டியவர் தவறு’ என்று இன்சூரன்ஸில் தள்ளிவிடுவார்கள். பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, தண்ணீர் நின்ற அளவு தெரியப் படம் எடுத்து, கம்பெனிக்குத் தகவல் சொல்லி, இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும். எஞ்சின் பாதுகாப்பு இணைப்பு உங்கள் டாக்சி பாலிசிக்குக் கிடைக்குமா என்று புதுப்பிக்கும்போதே கேட்டு வைப்பது நல்லது.

வருமான வரியில் ஒரு விஷயம். சரக்கு வண்டிக்கு மாதம் இவ்வளவு என்று அனுமான வருமானம் காட்டும் சலுகை டாக்சிக்குக் கிடையாது, இரண்டையும் குழப்பிக்கொண்டு பலர் தவறாகத் தாக்கல் செய்கிறார்கள். அதே சமயம் வாடகைக்கு ஓட்டும் தொழிலில் இருக்கும் காருக்கு 30 சதவீதத் தேய்மானம் கழிக்கலாம், சாதாரணக் காருக்கு 15தான். ரசீதுகளை எடுத்து வைத்திருப்பவருக்குத்தான் இது பயன்படும்.

அரசுக்கு இரண்டு கோரிக்கைகள். வீட்டு வாடகைக்கு ஒப்பந்தம் எழுதிப் பதிவுசெய்யச் சட்டம் இருப்பதுபோல, டாக்சி ஓனருக்கும் டிரைவருக்கும் இடையே தமிழில் ஒரு மாதிரி ஒப்பந்தத்தைப் போக்குவரத்துத் துறை வெளியிட வேண்டும். நாள் வாடகை, வாராந்திர விடுப்பு, பராமரிப்பில் யாருக்கு எது, முன்தொகையை எப்போது திருப்பித் தருவது, விபத்தின்போது வாடகை ஓடுமா நிற்குமா என்பன அதில் இருக்க வேண்டும். அடுத்தது, எந்த நாளில் எந்த டிரைவரிடம் வண்டி இருந்தது என்பதை ஓனர் முன்கூட்டியே இணையத்தில் பதிவுசெய்து வைக்கவும், கேமரா அபராதம் நேராக அந்த லைசென்ஸுக்குப் போகவும் வழி செய்ய வேண்டும். ஓட்டாதவர் கட்டுகிற அபராதத்தால் ஓட்டியவர் திருந்தப் போவதில்லை.

பத்திரிகைகளுக்கும் ஒரு வேண்டுகோள். ‘மாத வாடகை உறுதி’ என்று கார் முதலீட்டு விளம்பரம் கொடுக்க வருபவரிடம், அவர்கள் ஓட்டும் வண்டிகளின் பதிவு எண்களையும் ஜிஎஸ்டி பதிவையும் கேட்டு வாங்கியபின் பிரசுரியுங்கள். அவற்றைக் கொடுக்க மறுப்பவரின் விளம்பரத்தை ஏற்காதீர்கள்.

இப்படிக்கு,
வாடகை வண்டி உரிமையாளர்கள் சிலர்,
மடிப்பாக்கம், சென்னை - 91.